மங்கு மறைய ஹைட்ரோகுவினோன்: பயனும் எல்லையும்

கன்னத்தின் மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும் பழுப்பு நிறத்தில் படரும் திட்டுகளை மங்கு என்பர். இது தொற்றுநோயன்று, உயிருக்கு இடர் விளைப்பதுமன்று. கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும் பெண்களுக்கு மிகுதியாகத் தோன்றுகிறது. ஆண்களுக்கு வராது என்று எண்ணுதல் பிழை. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் விடியலில் கடலேறி உச்சி வெயிலில் கரை திரும்புவோரின் முகத்திலும் மங்கு படரலாம். அடுப்பின் வெம்மையும் அதனை மிகுவிக்கும்.

நம் தோலில் மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் மெலனின் என்ற நிறமியை உண்டாக்குகின்றன. இவ்வேலைக்கு டைரோசினேஸ் என்னும் நொதி தேவை. மங்கு படர்ந்த இடத்தில் இவ்வுயிரணுக்கள் தூண்டப்பெற்று, அளவுக்கு மேல் நிறமியைச் சுரக்கின்றன. ஹைட்ரோகுவினோன் அந்நொதியைத் தடுக்கிறது. தோலை அது சுரண்டுவதுமில்லை, வெளுப்பதுமில்லை; புதிய நிறமி உண்டாவதைக் குறைக்கிறது. பழைய நிறமி மேல்தோலோடு உதிர வேண்டும். ஆகவே ஒரே வாரத்தில் பயனை எதிர்பார்த்தல் வீண். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வகை மருந்துகளின் தொடக்கம் வியப்புக்குரியது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலையொன்றின் தொழிலாளர்களுக்குக் கைகளில் நிறம் மறைந்தது. அவர்கள் அணிந்த ரப்பர்க் கையுறையில் கலந்திருந்த, ஹைட்ரோகுவினோனின் உறவுப்பொருள் ஒன்றே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஒருவகையில் இம்மருத்துவம் ஒரு தொழில்நோயிலிருந்து பிறந்தது. அதனை அழகுப் பொருளாகக் கருதலாகாது என்பதற்கு இவ்வரலாறே போதும்.

மருத்துவர் எழுதித் தரும் களிம்பில் ஹைட்ரோகுவினோன் பெரும்பாலும் 2 அல்லது 4 விழுக்காடு இருக்கும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்தல் நன்று. அரிப்போ கொப்புளமோ தோன்றாவிடில், இரவில் முகம் கழுவி உலர்த்தியபின், பட்டாணியளவு எடுத்துத் திட்டுகளின் மீது மட்டும் பூசுக. முகம் முழுதும் பூசினால் சிவக்க வேண்டாத தோலும் சிவக்கும். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பை இதனோடு சேர்த்துப் பூசினால் தோலில் கறை படியும். நாளடைவில் மறையும் கறைதான், ஆயினும் அச்சந்தரும். காற்றும் ஒளியும் பட்டால் இக்களிம்பு பழுப்பாகிவிடும். அவ்வாறு நிறம் மாறியதை எறிந்துவிடுக.

பொதுவாகச் சில மாதங்களுக்கு மேல் இதனைத் தொடர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் பூசுவோருக்கு, எதனை நீக்கப் பூசினார்களோ அவ்விடத்திலேயே நீலங்கலந்த கருமை படிவதுண்டு. 1975-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதனை விரித்துரைத்தனர். அக்கருமையை நீக்குதல் மங்கைக் காட்டிலும் கடினம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் ஹைட்ரோகுவினோனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் தேர்வார்.

வெயிற்காப்பு இல்லையேல் இம்மருந்தால் பயனில்லை. இரவில் மருந்து குறைத்ததைப் பகலில் ஞாயிறு மீட்டுவிடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத வெயிற்காப்புக் களிம்பை, இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்திலும் கழுத்திலும் காலையில் பூசி, வெளியில் இருப்போர் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுதல் முறை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கைத் தூண்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுள்ள வகை மேலானது. குடையும் தொப்பியும் செலவில்லாத துணைகள். கடற்கரை மணல் ஒளியைக் கீழிருந்தும் திருப்பியனுப்பும் என்பதால் குடை மட்டும் போதாது.

இனி, பெரிதும் அஞ்ச வேண்டிய செய்தி. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த களிம்பு மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு உரியது. ஆனால் அண்டைவீட்டார் சொல்லக் கேட்டு அதனை வாங்கி, முகப்பூச்சுப்போல் நாள்தோறும் பூசுவோர் பலர். முதல் மாதம் முகம் பொலியும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, பரு பரவி, முடி வளரும். நிறுத்தினாலோ எரிச்சல் பொறுக்க இயலாது. இந்தியாவின் 12 மருத்துவ நடுவங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் குறைகளோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசியவர்கள். 2018-இல் நடுவண் அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்ததும் பழக்கம் மறைந்துவிடவில்லை.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொணரும், உட்பொருள் அச்சிடப்படாத வெண்மைக் களிம்புகள் இதனினும் கொடியன. பாதரசமும் டைரோசினேஸைத் தடுக்கும். அதனால் விரைந்து வெளுக்கும். அது தோல்வழி உடலுட் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை கண்ட ஒருவகைச் சிறுநீரக நோயாளர் 22 பேரில், 15 பேருக்கு அரிய உட்பிரிவு இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசியவர்கள். பொன், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக என்று எழுதியிருக்கும் களிம்பை ஐயுறுக: பாதரசம் பொன்னைப் பற்றும். பூசுபவரின் துணியிலும் தலையணையிலும் ஒட்டி, அருகில் உறங்கும் குழந்தைக்கும் அது சேரும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுத்தல் வேறு நிலை. அது மங்கன்று, பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அதற்குக் களிம்பு தேடுமுன் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும்.

தோல் மருத்துவரிடம் வருவோர் இதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களையும் டப்பாக்களையும் அப்படியே எடுத்து வருக. பெயரில்லாத டப்பாவாயினும் மறைக்க வேண்டா. அத்தகையதைப் பூசியிருந்து, சிறுநீர் நுரைத்தாலோ காலையில் கண்ணிமையும் மாலையில் காலும் வீங்கினாலோ, களிம்பை அன்றே நிறுத்திச் சிறுநீர்ச் சோதனைக்கு வருக.