இருக்கும் மரபணு, இயங்கும் மரபணு

வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்குவது வளையமாதேவி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பல நாள் நின்ற தண்ணீர் வடிந்த பின் ஒரு வயல் அழுகிக் கிடக்கும், ‘சி.ஆர். 1009 சப் 1’ நட்ட வயல் மீண்டும் துளிர்க்கும். ஏன் என்று மாணவர் கேட்டால், “அதில் வெள்ளத்தைத் தாங்கும் மரபணு இருக்கிறது” என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது பாதிப் பதில்தான்.

அந்த மரபணுவின் பெயர் சப்1ஏ. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது; 2006-இல் அடையாளம் காணப்பட்டது. வயலில் வெள்ளம் இல்லாதபோதும் அது பயிரின் செல்களில் இருக்கிறது, ஆனால் அடங்கியிருக்கிறது. பயிர் மூழ்கியதும் உள்ளே எத்திலீன் தேங்க, சப்1ஏ செயல்படத் தொடங்குகிறது. அதனால் பயிர் நீருக்கு மேலே வர நெடுநெடுவென வளர்ந்து சத்தைச் செலவழிப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் வரை வளர்ச்சியைக் குறைத்துக் காத்திருக்கிறது. மரபணு இருப்பது வேறு, இயங்குவது வேறு. இயங்குவதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

எப்படி அளக்கிறார்கள்?

இயங்கும் மரபணு தூதுவ ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அந்தப் படிகளின் அளவைக் கண்டால் வெளிப்பாடு தெரியும். ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும், எனவே இலையைப் பறித்தவுடன் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடிக்கிறார்கள். பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வை, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. பின்பு பி.சி.ஆர். கருவி அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. ஒளிரும் சாயம் குறித்த வரம்பைத் தொடும் சுற்றே ‘சி.டி. மதிப்பு’. கொரோனா காலத்தில் நாம் கேட்டுப் பழகிய அதே ஆர்.டி.பி.சி.ஆர்.தான், அங்கே தேடியது வைரஸின் ஆர்.என்.ஏ.

வகுப்பறைச் செயல்பாடு

புளியங்கொட்டை போதும். முதல் குழுவுக்கு 1 கொட்டை, இரண்டாம் குழுவுக்கு 8. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி 64-ஐ எட்ட வேண்டும். முதல் குழுவுக்கு 6 சுற்று, இரண்டாவதற்கு 3. தொடக்கத்தில் அதிகம் இருந்தால் சுற்று குறையும் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். வித்தியாசம் 3 சுற்று. 2-இன் அடுக்கு 3 என்றால் 8 மடங்கு. கணக்கு ஆசிரியரும் அடுக்குகளுக்கு இதைப் பயன்படுத்தலாம்.

அடுத்து ஒரு கற்பனைக் கணக்கு. மூழ்குமுன் சப்1ஏ-இன் சி.டி. 28, மூழ்கிய மறுநாள் 24. நான்கு சுற்று வித்தியாசம், ஆகவே 16 மடங்கு என்று மாணவர்கள் முடிவுகட்டுவார்கள். பொறுங்கள். இரண்டு குழாயிலும் ஒரே அளவு ஆர்.என்.ஏ. இருந்ததா? அதைச் சரிபார்க்க, எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவில் இயங்கும் ஆக்டின் போன்ற மரபணுவையும் உடன் அளக்கிறார்கள். அதன் சி.டி. முதலில் 20, பிறகு 21. அதாவது இரண்டாம் குழாயில் ஆர்.என்.ஏ. பாதிதான். எனவே 28–20=8; 24–21=3; வித்தியாசம் 5. சரியான விடை 32 மடங்கு. ஒப்பீடு இல்லாத அளவு நம்மை ஏமாற்றும் என்பதே இப்பாடத்தின் உயிர்.

இது ஒருசில மரபணுக்களுக்கான முறை. செல்லில் இயங்கும் அத்தனை மரபணுக்களையும் ஒரே நேரத்தில் பார்க்க, இன்று ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்துதல் உள்ளது. எந்த முறையானாலும் ஒன்றை நினைவூட்டுவோம்: ஆர்.என்.ஏ. பெருகினால் புரதமும் அதே அளவு பெருகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதைத் தனியே அளக்க வேண்டும்.

மதிப்பீட்டு வினா

இன்சுலின் மரபணு நம் தோல் செல்லிலும் இருக்கிறதா? கணையத்தின் பீட்டா செல்லோடு ஒப்பிட்டால், எதில் அதன் சி.டி. மதிப்பு குறைவாக வரும்? காரணத்தோடு பதில் சொல்லும் மாணவருக்கு, இருப்பதற்கும் இயங்குவதற்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டது.