சட்டைப் பைக்கு ஒரு கத்தி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரவு ஷிப்ட் முடிந்து வரும் மகளுக்கு, வெளியூர் விடுதியில் சேரும் மகனுக்கு, லாரியில் போகும் தம்பிக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தரலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. "சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்பார்கள். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் பாதுகாப்புக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். அந்த நினைப்போடு கடைக்குப் போனால் கை தானாக நீளமானதற்கும், பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறப்பதற்கும் போகும். வேலைக்கு உதவாததும் அதுதான், போலீஸ் சோதனையில் மாட்டிவிடுவதும் அதுதான்.

கத்தி பாதுகாப்பு தராது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அதற்கு வேலையே. அந்த நேரத்தில் பையைத் துழாவி எடுத்து, விரித்து, சரியாகப் பிடிக்க நிதானம் வேண்டும். பயத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. சின்ன மடக்குக் கத்திகளில் கைக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இருப்பதில்லை. வியர்த்த கை ஒரு அழுத்தத்தில் முன்னால் வழுக்கி, கூர் மேலேயே ஏறிவிடும். விரல் தசைநாண் அறுந்தால் பிறகு விரல் மடங்காது. வெட்டுப்பட்டவன் அந்த நொடியே சாய்ந்துவிடுவது சினிமாவில்தான். கத்தி கைமாறிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை ஏற்றுக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் அடிப்படை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுத வகைக்குள் வருகிறது. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் தனி அறிவிக்கைகளும் உண்டு. டெல்லியில் 1980 அறிவிக்கைப்படி, ஸ்பிரிங்கில் திறக்கும் பட்டன் கத்திக்கு 7.62 செ.மீ. நீளமே எல்லை. ஆகவே பட்டன் கத்தி எந்த ஊரிலும் வேண்டாம்.

லண்டனில் படிக்கப் போகும் பிள்ளைக்கு வாங்குகிறீர்களா? அங்கே கணக்கே வேறு. 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர், பூட்டிக்கொள்ளாமல் மடங்கும் கத்தி, இந்த இரண்டும் பொருந்தினால்தான் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அளவு எவ்வளவு சிறியதானாலும் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிறைத் தண்டனை 4 ஆண்டு வரை போகும். "தற்காப்புக்கு வைத்திருந்தேன்" என்பதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். சட்டம் அனுமதித்த சின்னக் கத்தியைக்கூட அப்படிச் சொல்லி வைத்திருந்தால் அது ஆயுதமாகிவிடும். புறப்படும் முன் பிள்ளையிடம் இதைச் சொல்லியே அனுப்புங்கள்.

விமானத்தில் கைப்பையில் எந்த அளவும் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். கோர்ட்டுக்கோ மெட்ரோவுக்கோ போகிற நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

என்ன வேலைக்கு?

பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, பழம் நறுக்குவது. இதற்கெல்லாம் 6 முதல் 8 செ.மீ. அலகு தாராளம்.

உயிர் காக்கும் வேலை ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவரின் துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இறுக்குவது நம் சாலைகளில் நடக்கிற விபத்து. அப்போது இழுத்துப் பார்ப்பதில் நேரம் போய்விடும். துணியை வெட்டியே ஆக வேண்டும். கழுத்தருகே கத்தியைக் கொண்டுபோகக் கூடாது. சக்கரத்துக்கும் தோளுக்கும் நடுவே துணி விறைத்து நிற்கும் இடத்தில், கூர் ஆளைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வைத்து வெட்ட வேண்டும். கவிழ்ந்த காரில் மாட்டிக்கொண்ட சீட் பெல்ட்டும் இப்படித்தான். இதற்கு முனை மழுங்கி, பாதி அலகில் ரம்பப்பல் வைத்த கத்தி மிக நல்லது: பல் துணியையும் நாடாவையும் கவ்வி அறுக்கும், மழுங்கிய முனை மாட்டிக்கொண்டவர் உடம்பில் குத்தாது. காருக்குள் வைக்க மட்டும் என்றால், விரல் நுழையாத கொக்கிக்குள் பிளேடு வைத்த பெல்ட் கட்டரே போதும். அதை டாஷ்போர்டு பெட்டியில் போடாமல் ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

பூட்டு

சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவை ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கும், பூட்டு கிடையாது. பழம் நறுக்க அது போதும். அழுத்தி அறுக்கிற வேலைக்குப் பூட்டு வேண்டும், இல்லாவிட்டால் அலகு விரல் மேல் மடங்கும். பூட்டுகளில் லைனர் லாக் பரவலானது, விலையும் குறைவு. ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே நிற்கும். முதன்முதலாக வாங்குபவருக்கு, விரலை அலகின் பாதையில் வைக்காமலே மூடக்கூடிய குறுக்குக் கம்பிப் பூட்டு நல்லது. பிரான்ஸின் ஒப்பினெல் கத்திகளில் அலகின் அடியில் ஒரு வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். 1955இல் வந்த ஏற்பாடு அது. அதைவிட எளிய பூட்டு எனக்குத் தெரியாது. ஒரு குறை: மரக் கைப்பிடி மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு அலகைப் பிடித்துவிடும், நகத்தால் இழுத்தாலும் வராது.

இரும்பு

கடைக்காரர் டி2 என்று பெருமையாகக் காட்டுவார். கூர் நெடுநாள் நிற்கும், உண்மைதான். ஆனால் அது முழுமையான துருப்பிடிக்காத எஃகு இல்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி உப்புக் காற்றில், வியர்த்த பாக்கெட்டில் கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் 14சி28என் கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் குறைவு என்றால் 8சிஆர்13எம்ஓவி. கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் சில நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். ஆன்லைனில் மலிவாக வரும் "டமாஸ்கஸ்" அலகுகளில் பல, சாதா இரும்பின் மேல் லேசரில் பொறித்த அலைக்கோடுதான்.

கையில் வாங்கிப் பாருங்கள்

அலகை மூடி மேலிருந்து பாருங்கள். நடுவில் படுத்திருக்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆடக் கூடாது. பிறகு பூட்டிய அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள், விரல்களை மடியும் பாதைக்கு வெளியே வைத்துக்கொண்டு. பூட்டு நழுவினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறும்போது அலகு தானாக வெளியே எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். பாக்கெட்டுக்குள் அது திறந்துகொள்ளும். கடைசியாக, யாருக்காக வாங்குகிறீர்களோ அவர் கையிலேயே கொடுத்துத் திறந்து மூடச் சொல்லுங்கள். அப்பா கைக்கு அடக்கமானது மகள் கைக்குப் பருமனாக இருக்கும்.

மூட்டில் மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

கேட்டது பாதுகாப்பு அல்லவா?

பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையை ஒத்துக்கொள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆம் பிரிவு எல்லை போடுகிறது. பர்ஸைக் கேட்டவனைக் கத்தியால் குத்திவிட்டு அந்த எல்லைக்குள் நிற்பது கஷ்டம். போனையும் பர்ஸையும் கொடுத்துவிட்டு வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற பக்கம் ஓடுவதே சரி. 112 எண்ணும் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியும் போனின் முதல் திரையில் இருக்கட்டும், வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை செயலியைத் திறந்து பழகச் சொல்லுங்கள்.

கையில் ஏதாவது வேண்டும் என்றால் மிளகு ஸ்பிரே வாங்கிக் கொடுங்கள். எட்ட நின்றே அடிக்கலாம், ஓட அவகாசம் கிடைக்கும். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்கிறது, பிரிட்டனில் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். கைப்பையின் அடியில் போட்டால் பயனில்லை. நடக்கும்போது கையில் இருக்க வேண்டும். வாங்கிய வாரமே மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஒரு நொடி அடித்துப் பார்க்கட்டும். டப்பாவில் இருக்கும் காலாவதித் தேதியை உங்கள் போனிலும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவர் மறந்தாலும் புதியதை நீங்கள் வாங்கி அனுப்பலாம்.