“நரம்பு அறுந்துபோச்சு சார்!”

கண்ணாடி கிழித்து இடது உள்ளங்கையில் தையல் போட்டுவந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் அவன். நான்காம் நாள் மதிய உணவுத் தட்டைப் பிடித்தபோது மோதிர விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, “நரம்பு அறுந்துபோச்சு சார்” என்றான். வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். முதலில் பார்த்த இடத்தில் தோலைத் தைத்ததோடு சரி. விரலை மடக்கிக் காட்டச் சொல்லவில்லை.

பேச்சுவழக்கில் நமக்கு இரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு. ஆனால் தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது, தொடுவது தெரியும். விரலுக்குச் செல்லும் நரம்பு அறுந்தால் விரல் மடங்கும், நுனி மரத்திருக்கும். கண்ணை மூடச் சொல்லி அவன் விரல் நுனியைத் தொட்டேன். சரியாகச் சொன்னான்.

மருத்துவர் மீயொலிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவன் அப்பாவுடன் நானும் போனேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். அறுந்த தசைநாணைக் காட்டாது. மீயொலித் திரையிலோ தசைநாண் சீவிய நார்க்கற்றைபோல இழை இழையாகத் தெரிந்தது. நரம்பின் குறுக்குவெட்டு சிறு தேன்கூடு மாதிரி. “விரல்களை மடக்கு தம்பி” என்றார் மருத்துவர். நடுவிரலின் நாண் கிணற்றுக் கயிறுபோல வழுக்கி ஓடியது. மோதிர விரலின் நாண் ஓரிடத்தில் நின்றுவிட்டது, அதற்கப்பால் இருட்டு. அறுந்த மறுமுனை மணிக்கட்டுப் பக்கம் சுருங்கிப் போயிருந்தது. நரம்புக்குச் சேதமில்லை. இப்படி அசைய வைத்தே பார்க்க முடிவதுதான் இச்சோதனையின் பெரிய வசதி என்று எனக்குப் பட்டது.

கருவியைச் சற்றுச் சாய்த்ததும் நல்ல நாணும் கறுத்துத் தெரிந்தது! அலை செங்குத்தாக விழுந்தால்தான் எதிரொலி கருவிக்கே திரும்பும். கோணம் தப்பினால் நல்ல நாணும் அறுந்ததுபோல ஏமாற்றும் என்றார்.

அடுத்த வாரம் ‘ஒலி’ பாடம். வௌவாலையும் சோனாரையும் தாண்டி இந்தக் கையையே எடுத்துக்கொண்டேன். நமக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. கையைப் பார்க்கும் கருவியில் சுமார் 1 கோடி ஹெர்ட்ஸ். மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று கொண்டால் அலைநீளம் 0.154 மில்லிமீட்டர். அலைநீளம் குறையக் குறையப் படம் நுணுக்கமாகும், ஆனால் அலை ஆழத்துக்குப் போகாது. அதனால்தான் வயிற்றுக்குக் குறைந்த அதிர்வெண். ஜெல் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி அங்கேயே எதிரொலித்துத் திரும்பிவிடும் அல்லவா?

1 செ.மீ. ஆழத்திலுள்ள நாணிலிருந்து எதிரொலி வர எவ்வளவு நேரம் என்றேன். பாதிப் பேர் 6.5 மைக்ரோவினாடி என்றார்கள். போய்த் திரும்ப வேண்டுமே! விடை 13.

அறுவை முடிந்து ஆறு வாரம் கையில் தாங்கி கட்டியிருந்தான். எங்கள் முதலுதவிப் பெட்டியின் மூடியில் உடற்கல்வி ஆசிரியர் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: ‘கையில் ஆழமான வெட்டா? முதலில் இரத்தத்தை நிறுத்துக. பிறகு ஒவ்வொரு விரல் நுனியையும் தானாக மடக்கச் சொல்க, இழுத்துப் பார்க்க வேண்டாம். நுனியைத் தொட்டால் தெரிகிறதா என்று கேட்க. இரண்டையும் மருத்துவரிடம் சொல்க.’