மீட்டர் பார்ப்பவருக்கு எதற்குக் கொத்துச்சாவி?

கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வருபவரிடம் யாரும் பீரோ சாவியைக் கொடுப்பதில்லை. நான் கொடுத்து வைத்திருந்தேன், நான்கு வருஷமாக.

அப்போது சுமார் நாற்பது விண்டோஸ் சர்வர்கள் என் பொறுப்பில் இருந்தன. டிஸ்க் நிரம்புகிறதா, மெமரி போதுமா, சர்வீஸ்கள் ஓடுகின்றனவா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்க ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட்டோம். முதல் நாளே அனுமதிப் பிழை. அவசரத்தில் அதற்கென்று திறந்த கணக்கை ‘டொமைன் அட்மின்ஸ்’ குழுவில் சேர்த்தேன். திரை முழுக்கப் பச்சை. பச்சையாக இருப்பதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

தணிக்கைக்கு வந்தவர் பார்த்தார். “டிஸ்க்ல எவ்வளவு எடம் இருக்குன்னு பாக்கத்தானே சார் இந்த அக்கவுண்ட்? அந்த டிஸ்க்கையே ஃபார்மட் பண்ணவும் உரிமை வெச்சிருக்கீங்களே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கண்காணிப்பு சர்வரில்தான் கிடக்கிறது. அந்த ஒரு பெட்டிக்குள் யாராவது நுழைந்தால் நாற்பதும் அவர் கையில்.

உரிமையைப் பிடுங்கினேன். திரை சிவந்தது.

முதல் நாள் முழுக்க வீண். வந்த பிழை ‘ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை’. நானோ அனுமதிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழை வந்தால் அழைப்பு வாசலுக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால்தான் வாசல்வரை வந்துவிட்டோம், உள்ளே விட மறுக்கிறார்கள் என்று அர்த்தம். கண்காணிப்பு மென்பொருள் சர்வர்களிடம் விவரம் கேட்பது டபிள்யூஎம்ஐ வழியாக. அது முதலில் 135ஆம் போர்ட்டில் கதவைத் தட்டும். பிறகு 49152 முதல் 65535 வரை ஏதோ ஒன்றில் பேசும். இத்தனையையும் திறக்கச் சொன்னால் நெட்வொர்க் பிரிவினர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. டபிள்யூஎம்ஐ சர்வீஸைத் தனிப் புரோசஸாக ஓடும்படி மாற்றி, 24158 என்ற ஒரே போர்ட்டில் நிறுத்தலாம். 135உம் இதுவும் திறந்தால் போதும்.

அடுத்தது அனுமதி. கணக்கை அந்தந்த சர்வரில் மூன்று குழுக்களில் சேர்த்தேன்: டிஸ்ட்ரிபியூட்டட் காம் யூசர்ஸ், பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ், ஈவன்ட் லாக் ரீடர்ஸ். பிறகு டபிள்யூஎம்ஐ கன்ட்ரோலில் ‘ரூட்’டுக்குக் கீழே உள்ள ‘சிம்வி2’வில் ‘எனேபிள் அக்கவுண்ட்’, ‘ரிமோட் எனேபிள்’ இரண்டையும் டிக் செய்தேன். அங்கே ஒரு குழி உண்டு. சும்மா டிக் செய்தால் அந்த ஒரு கிளைக்கு மட்டும்தான் செல்லும். கீழ்க்கிளைகளுக்கும் போக ‘அட்வான்ஸ்டு’க்குள் போய் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லையா? பழைய லாகின் டிக்கெட்டாக இருக்கலாம். கெர்பரோஸ் டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். கணக்கை டொமைன் குழு எதிலாவது புதிதாகச் சேர்த்திருந்தால், அந்தக் குழு அதில் இருக்காது. கண்காணிப்பு சர்வீஸை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். சோதிக்கும்போது ‘டபிள்யூபெம்டெஸ்ட்’ கருவியைக் கண்காணிப்பு சர்வரில் இருந்தே ஓட்டுங்கள். பார்க்கப்படும் சர்வரில் உட்கார்ந்து வேறொரு கணக்கின் பெயரைக் கொடுத்தால் டபிள்யூஎம்ஐ ஏற்காது.

டிஸ்க்கும் மெமரியும் பச்சைக்குத் திரும்பின. சர்வீஸ் பட்டியல் மட்டும் வரவில்லை. தூரத்திலிருந்து பட்டியல் கேட்டால் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் அட்மின்களுக்கு மட்டும்தான் வாய் திறக்கும். அதன் அனுமதி விதி, பார்க்கவே தலை சுற்றும் ஒற்றை வரி. ‘எஸ்டிஷோ’ கட்டளை அதைக் காட்டும், ‘எஸ்டிசெட்’ எழுதும். இருப்பதோடு சேர்த்து எழுதாது. பழையதை அழித்துவிட்டு எழுதும். இது தெரியாமல் எங்கள் கணக்குக்கான துண்டை மட்டும் கொடுத்தேன். அடுத்த நிமிஷம் அட்மினான எனக்கே சர்வீஸ் ஜன்னல் திறக்கவில்லை! நல்லவேளை, அது சோதனை சர்வர். முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து, பழைய வரியை ஒரு கோப்பில் சேமிக்காமல் அந்தக் கட்டளையைத் தொடுவதில்லை. சில சர்வீஸ்களுக்குத் தனித்தனியாகவும் எழுத வேண்டியிருந்தது. அலுப்பான வேலை, தப்பிக்க வழியில்லை.

2023 மார்ச்சில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய கண்காணிப்பு மென்பொருள்கள் சில திடீரென ஊமையாயின. டபிள்யூஎம்ஐ தூரத்திலிருந்து பேசப் பயன்படுத்தும் டிகாமுக்கான கூடுதல் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கிய மாதம் அது. சிஸ்டம் லாகில் 10036 என்ற எண் தெரிந்தால் அனுமதியோடு மல்லுக்கட்டாதீர்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள்.



கடைசியாக, அந்தக் கண்காணிப்புக் கணக்கு நேரிலும் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் லாகின் ஆகாதபடி குரூப் பாலிசியில் தடுத்தோம். மறுவருஷம் அதே தணிக்கையாளர் வந்தார். கணக்கு இருந்த குழுக்களைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.