ஊரெல்லாம் வேண்டாமென்றபோது



அர்ச். இராயப்பர் ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தார். அதே இராயப்பர் சில வாரங்களுக்குப் பின் யூதப் பெரியோர்களின் சங்கத்தின் முன் நின்று, ஆண்டவரைப் பற்றிப் பேசாதே என்ற கட்டளைக்குத் தம்மால் கீழ்ப்படிய இயலாதென்று சொல்லிவிட்டார். பிரசங்கத்தில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, ‘அவர் அப்போஸ்தலர், நாமோ பிள்ளைகுட்டிக்காரர்’ என்று நழுவிவிடுகிறோம். ஆகையால் இன்று ஒரு பிள்ளைகுட்டிக்காரரைப் பற்றியே படிப்போம்.

ஆஸ்திரியா தேசத்தில் சாங்க்ட் ராடெகுண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1907-ம் ஆண்டு பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் உழவர். வாலிப வயதில் அவரை அர்ச்சியசிஷ்டர் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவ்வூரில் முதன்முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். விவாகத்துக்கு முன்னரே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனுமானவர். 1936-ம் ஆண்டு பெரிய வியாழக்கிழமையன்று பிரான்சிஸ்கா என்னும் பக்தியுள்ள பெண்ணை மணந்தார். மணமக்கள் இருவரும் உரோமாபுரிக்குத் திருயாத்திரை போய்வந்தார்கள். அதன்பின் மூன்று பெண்மக்கள் பிறந்தனர். பிரான்ஸ் ஊர்க் கோயிலில் கோயிற்பிள்ளை வேலையும் பார்த்தார்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டு, ஜனங்களின் சம்மதம் கேட்பதுபோல ஒரு வாக்கெடுப்பு நடத்தினான். அவ்வூரில் சம்மதமில்லை என்று வாக்களித்தவர் பிரான்ஸ் ஒருவரே. அதிகாரிகளோ ஊர் முழுதும் ஒருமனம் என்று மேலிடத்துக்கு எழுதியனுப்பினார்கள்!

1940-ல் சேனைக்கு அழைப்பு வந்தது. அவரும் போனார், பயிற்சியும் பெற்றார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அங்கே கண்டதும், திரும்பி வந்து வேதாகமத்தைப் படித்துச் செபித்து யோசித்ததுமே அவர் மனதைத் தெளிவாக்கின. இது அநியாய யுத்தம். இதில் ஆயுதம் எடுத்தால் தேவனுக்கு விரோதமாகும் என்று கண்டுகொண்டார்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய இடம். அவரைத் தடுத்தவர்கள் யார்? தாய் கெஞ்சினாள். உறவினரும் அயலாரும் கடிந்துகொண்டார்கள். பங்குச் சுவாமியார் உயிரைக் காத்துக்கொள்ளும்படி புத்தி சொன்னார். லின்ஸ் நகரத்து மேற்றிராணியாரிடமே போய்க் கேட்டார். அவரும், குடும்பத் தகப்பனாகிய உனக்குக் குடும்பத்தின்பேரில்தான் பொறுப்பு என்ற கருத்தையே சொன்னார். இவர்களில் ஒருவரும் கெட்டவரல்லர். பகைவன் மிரட்டினால் நமக்கு ரோஷம் வந்துவிடும். பெற்ற தாய் அழுதால் என்ன செய்வது? வெளியே வந்த பிரான்ஸ் மேற்றிராணியாரைத் தூஷிக்கவில்லை. முன்பின் தெரியாத நான் ஒற்றனாயிருக்கலாமென்று அஞ்சியிருப்பார் என்றுதான் எண்ணிக்கொண்டார்.

பெரியோருக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று நாலாம் கற்பனை சொல்லவில்லையா என்பீர்கள். சொல்லுகிறது. ஆனால் பெரியோர் பாவத்துக்கு ஏவும்போது அந்தக் கடமை நின்றுபோகிறதென்று ஞானோபதேசத்திலேயே படித்திருக்கிறோம். அதற்காக, தன் மனதுக்குப் பிடிக்காததையெல்லாம் மனச்சாட்சி என்று சொல்லித் திரிகிறவருக்கு இதில் இடமில்லை. பிரான்ஸ் ஆலோசனை கேட்டார், செபித்தார், எதிர்ப்பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், அதன் பிறகே நின்றார்.

1943 மார்ச் 1-ந் தேதி படை முகாமுக்குப் போய், போரிடமாட்டேன் என்று தெரிவித்தார். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் வேலை கொடுத்தால் செய்வதாகச் சொன்னார், அதை ஏற்கவில்லை. ஜூலை 6-ந் தேதி பெர்லின் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9-ந் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது பிரான்சிஸ்கா பெற்ற மூத்த மகளுக்கு ஆறு வயதும் நிறையவில்லை.

பிரான்சிஸ்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். குடும்பங்களாகிய நமக்கு அவள் பாடமே அதிகம் தேவையென்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் அவளும் வேண்டாமென்று மன்றாடியவள்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து கணவரை நெருக்குவதைக் கண்டாள். தானும் கைவிட்டால் அவருக்கு ஒருவருமில்லையே என்று மன்றாடுவதை விட்டு, அவர் பக்கம் நின்றாள்.

நம் வீடுகளில் கணவன் அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான். மகன் வரதட்சணை வேண்டாம் என்கிறான். ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று முதலில் சொல்லுகிறவர் யார்? மேலதிகாரியா, நாமா? இந்த வாரம் இராச்செபமாலை முடிந்தபின், ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் இதைப் பேசிப் பாருங்கள்.

ஊரில் பலர் பழியைப் பிரான்சிஸ்காவின்மேல் போட்டார்கள். போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த உதவிப் பணம் 1950 வரை அவளுக்குக் கிடைக்கவில்லை. நிலத்தை உழுது மக்களை வளர்த்தாள். கணவர் பார்த்த கோயிற்பிள்ளை வேலையையும் பார்த்தாள். 2007 அக்டோபர் 26-ந் தேதி லின்ஸ் பேராலயத்தில் பிரான்சுக்கு வேதசாட்சியாக முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, 94 வயதான பிரான்சிஸ்கா தன் மக்களோடு அங்கே இருந்தாள்.