சுத்திகரித்த எண்ணெயும் வெப்பத்தால் தோன்றும் மாசுகளும்

நோயாளியின் உணவுக்கு எந்த எண்ணெய் ஏற்றது என்று வினவுவோர், அது கடலையிலிருந்து பெறப்பட்டதா, சூரியகாந்தியிலிருந்து பெறப்பட்டதா என்றே பெரும்பாலும் நோக்குகின்றனர். அது ஆலையில் எவ்வாறு சுத்திகரிக்கப்படுகிறது என்பதும் அறியத்தக்கதாகும்.

சுத்திகரிப்பில் முதலில் எண்ணெயின் பசையும் அமிலமும், பின்னர் நிறமும், இறுதியில் மணமும் நீக்கப்படுகின்றன. மணநீக்கத்தின்போது எண்ணெய் 200 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கப்பட்டு, அதனூடே நீராவி செலுத்தப்படுகிறது. அவ்வெப்பத்தில், எண்ணெயிலுள்ள குளோரின் சேர்மங்களால் 3-எம்.சி.பி.டி. எஸ்டர்கள் உருவாகின்றன. வெப்பம் 230 பாகையைக் கடந்தால் கிளைசிடைல் எஸ்டர்களும் விரைந்து பெருகுகின்றன. பாமாயிலில் இவ்விரண்டும் மிகுதி.

செரிமானத்தின்போது கிளைசிடைல் எஸ்டரிலிருந்து கிளைசிடால் பிரிகிறது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களுள் ஒன்றாக இதனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. 3-எம்.சி.பி.டி. விலங்காய்வுகளில் சிறுநீரகத்தைப் பாதித்தது. எனினும், ஒருவேளை உணவால் நோய் வருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. நெடுநாள் உட்கொள்ளும் அளவே கருதத்தக்கது.

இம்மாசுகளைக் குறைக்கும் வழிகள் ஆலைகளிடம் உள்ளன. பனைக்கனிகளை அடிபடாமல் பறித்து விரைவில் பதப்படுத்துதல், கச்சா எண்ணெயை நீரால் கழுவுதல், குறைந்த வெப்பத்தில் மணம் நீக்குதல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுக்கான நடைமுறை நெறிகளைக் கோடெக்ஸ் உணவுத் தர ஆணையம் 2019-இல் வெளியிட்டது.

எண்ணெயில் ஒருமுறை உருவான இம்மாசுகளை வீட்டில் காய்ச்சியோ வடிகட்டியோ அகற்ற இயலாது. ஆதலின் இல்லத்தில் பின்பற்றத்தக்கவை:

1. எண்ணெயின் மொத்த அளவைக் குறையுங்கள். பொரியலினும் அவியலும் ஆவியில் வெந்த உணவும் நன்று.

2. பாமாயில் சேர்ந்த பிஸ்கட், நொறுக்குத்தீனி வகைகளை அரிதாக உண்ணுங்கள். உறையிலுள்ள சேர்பொருள் பட்டியலை வாசித்து வாங்குங்கள்.

3. செக்கு எண்ணெய் மணநீக்கத்துக்கு உட்படுவதில்லை. ஆதலின் இம்மாசுகள் அதில் மிகக் குறைவு. ஆயினும் அதன் கொழுப்பும் கலோரியும் குறைவதில்லை. அளவு அதற்கும் பொருந்தும்.

4. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். அதனால் வேறு தீங்குகள் விளைகின்றன.

5. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது. மருத்துவர் பரிந்துரைத்த பால்மாவை அச்சத்தால் நிறுத்தாதீர்கள். ஊட்டக்குறைவு உடனடித் தீங்காகும்.

சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் நாளொன்றுக்குத் தமக்குரிய எண்ணெயின் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டறிதல் நலம்.