அதிர்வலைக்கு முன் அன்ரிபயோட்டிக்: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் உங்களுக்கு அதிர்வலையால் சிறுநீரகக் கல் உடைக்க நாள் குறித்தாகிவிட்டது. கடிதத்தில் அன்ரிபயோட்டிக் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊரிலென்றால் குளிசை தந்திருப்பார்களே, இங்கே மறந்துவிட்டார்களோ என்று மனம் அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் மறக்கவில்லை, உங்களுக்குத் தேவையில்லை என்பதால்தான் எழுதவில்லை.

1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்ட இந்தச் சிகிச்சையில் கத்தியும் இல்லை, உள்ளே செலுத்தும் கருவியும் இல்லை. தோலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அதிர்வலை கல்லைப் பொடியாக்குகிறது. துகள்கள் சலத்தோடு வெளியேறுகின்றன. வெளியிலிருந்து கிருமி புக வழியில்லை. ஆகவே எல்லோருக்கும் தடுப்பு மருந்து தேவையில்லை என்பதே ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டல். ஆபத்து, ஏற்கெனவே சலத்திலோ கல்லுக்குள்ளோ இருக்கும் கிருமியால்தான். கல் உடையும்போது அது இரத்தத்தில் கலக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவே கீழ்க்கண்ட படிகள்.

1. சலப் பரிசோதனையை உறுதி செய்யுங்கள்

உங்கள் ஃபாஸ்ட்லேகெயிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், சிகிச்சைக்கு முன் சலம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். எரிவு, துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் கிருமி வளர்ப்புப் பரிசோதனை அவசியம். அதன் முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள்.

2. இவை இருந்தால் சொல்லுங்கள்

- சிறுநீர்க்குழாயில் வைத்த ஸ்டென்ட்
- சலக் குழாய், அல்லது முதுகு வழியே சிறுநீரகத்துக்குள் வைத்த குழாய்
- கிருமித்தொற்றால் உருவான கல் என்று முன்பு சொல்லப்பட்டிருந்தால் அது
- அடிக்கடி வரும் சலத்தொற்று
- நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், நீரிழிவு

முதல் மூன்றில் ஒன்று இருந்தாலே தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்படும். மற்றவற்றை வைத்தியர் எடைபோட்டு முடிவெடுப்பார்.

3. ஊர்ப் பயணத்தை மறைக்காதீர்கள்

இலங்கை, இந்தியா போய் வந்தவர்களின் குடலில் வழக்கமான அன்ரிபயோட்டிக்குகளுக்கு மசியாத கிருமிகள் தங்கியிருக்கலாம். கடந்த 12 மாதங்களில் அங்கே வைத்தியசாலையில் தங்கியிருந்தால் நோர்வே வைத்தியசாலைகள் அதைக் கேட்டு, தனியே சோதனையும் செய்யும். நீங்களே முந்திச் சொன்னால் சரியான மருந்தைத் தெரிவு செய்ய உதவும்.

4. மருந்து தந்தால்

தடுப்புக்கான மருந்து வேறு, தொற்றுக்கான மருந்து வேறு. முன்னது பெரும்பாலும் சிகிச்சைக்குச் சற்று முன் ஒரே வேளை. சலத்தில் கிருமி வளர்ந்திருந்தால், அந்தக் கிருமிக்குப் பொருந்தும் மருந்தால் தொற்றை அடக்கிய பிறகே கல் உடைப்பார்கள். அதற்காக நாள் தள்ளிப்போனால் சினக்க வேண்டாம். கட்டுப்படாத தொற்றோடு அதிர்வலை கொடுப்பது ஆபத்து. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கும் மிச்சக் குளிசைகளைத் தொடவே வேண்டாம். அவை பரிசோதனை முடிவைக் குழப்பும், கிருமியையும் மருந்துக்குப் பழக்கிவிடும்.

5. இரத்தம், கர்ப்பம், மொழி

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகளை வைத்தியசாலைக்கு அறிவியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. நோர்வேஜிய மொழி சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பே கேளுங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது பொதுச் சேவைகளின் பொறுப்பு. பிள்ளைகளை அந்த வேலைக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

6. வீடு திரும்பிய பின்

ஓரிரு நாள் சலம் சிவப்பாகப் போவதும், துகள் இறங்கும்போது விலாவில் வலிப்பதும் வழக்கம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், சலம் அடைத்துக்கொள்வது, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். துகள்கள் குழாயை அடைத்து, பின்னால் தேங்கும் சலத்தில் கிருமி பெருகினால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகும். வைத்தியசாலை தந்த எண்ணுக்கு அழையுங்கள்; கிடைக்காவிட்டால் லேகெவக்ட், அதாவது அவசர வைத்தியச் சேவை, எண் 116117. நினைவு தடுமாறினால், மூச்சு வாங்கினால் உடனே அவசர மருத்துவ எண் 113.

குளிசை கேட்டு வைத்தியரோடு வாதாடுவதைவிட, “என் சலப் பரிசோதனை முடிவு என்ன?” என்று கேளுங்கள். உங்களுக்கு அன்ரிபயோட்டிக் வேண்டுமா வேண்டாமா என்பதற்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.